மழை வரும்போது விதை வீட்டில் இருக்கணும்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் மல்லாட்டை சாகுபடி பற்றிப் பேசிய உரை)



விவசாயத்தைப் பற்றிப் பேசணும்னு என்னைக் கேட்டுக்கிட்டாங்க. விவசாயம்னா அது பெரிய கடல். நெல் இருக்கு, கரும்பு இருக்கு, கேழ்வரகு இருக்கு, பூச்செடி இருக்கு, ஜவ்வாது மலைப் பக்கம் போனா சாமை இருக்கு. எல்லாத்தையும் தொட்டுத் தொட்டுப் பேசினா ஒண்ணும் மனசில நிக்காது. அதனால நான் ஒரே ஒரு பயிரை மட்டும் எடுத்துக்கிறேன். அது நம்ம மல்லாட்டை. அதிலும் ஒரே ஒரு விஷயம், அதோட விதை.

ஏன் விதைன்னு கேட்டீங்கன்னா, நம்ம குழுவோட கடன் பதிவேட்டைப் புரட்டிப் பாருங்க. தை மாசம் ஒரு காரணம் இருக்கும், பள்ளிக்கூடம் திறக்கிற நேரத்தில ஒரு காரணம் இருக்கும். ஆனி, ஆடி மாசத்தில எழுதியிருக்கிற காரணம் பெரும்பாலும் "விவசாயச் செலவு". அந்த விவசாயச் செலவைப் பிரிச்சுப் பார்த்தா, மானாவாரி மல்லாட்டை போடுற வீட்டில பெரிய தொகை விதைக்குத்தான் போயிருக்கும். அறுவடையில நாமே மூட்டை மூட்டையா வித்துட்டு, ஆடியில அதையே கடன் வாங்கி வாங்குறோம். இதை மாத்த முடியுமாங்கிறதுதான் இன்னைக்கு என் பேச்சு.

விதைச் செலவு ஏன் இவ்வளவு பெரிசு?

மத்த ஜில்லாவில கடலைங்கிறாங்க, வேர்க்கடலை, நிலக்கடலைங்கிறாங்க. நாம மல்லாட்டைன்னு சொல்றோம். மணிலாக் கொட்டைதான் வாய்வழக்கில மல்லாட்டையாச்சு. தென் அமெரிக்காவில பிறந்த பயிர் இது. கப்பல் ஏறி ஊர் ஊரா வந்ததில, பிலிப்பைன்ஸ் நாட்டு மணிலா நகரத்தோட பேர் அதுக்கு ஒட்டிக்கிச்சு. இன்னைக்கு செங்கம், போளூர், கலசபாக்கம், தண்டராம்பட்டு, கீழ்பென்னாத்தூர்னு எந்தப் பக்கம் போனாலும் இது நம்ம சொந்தப் பயிர் மாதிரி ஆயிடுச்சு.

ஆனா இந்தப் பயிருக்கு ஒரு குணம் உண்டு. கேழ்வரகுக்கு நாற்று விட்டு நட்டா ஏக்கருக்கு ரெண்டு கிலோ விதை போதும். ஒற்றை நாற்று நடவு செய்தா நெல்லுக்கு மூணு கிலோ போதும். மல்லாட்டைக்கு ஏக்கருக்கு 50 கிலோ பருப்பு வேணும். பருப்பு பெரிசா இருக்கிற ரகம்னா இன்னும் கூடும். நெல் ஒண்ணு போட்டா நூறுக்கு மேல தரும். மல்லாட்டை ஒண்ணு போட்டா பத்து, பதினொண்ணுதான் திரும்பி வரும். அதனாலதான் நல்ல விதை எந்த வருஷமும் எல்லாருக்கும் எட்டுற அளவுக்குக் கிடைக்கிறதில்லை. டெப்போவில கொஞ்சம் வரும், முதல்ல போனவங்களுக்குக் கிடைக்கும். மிச்சப் பேர் கடையில, வியாபாரிகிட்ட வாங்கணும்.

இதே பயிருக்கு ஒரு நல்ல குணமும் உண்டு. மல்லாட்டை தன் பூவிலேயே தான் கருவுறும் பயிர். ஒட்டு ரக மக்காச்சோளம் மாதிரி வருஷா வருஷம் புது விதை வாங்கித்தான் ஆகணும்கிற கட்டாயம் இதுக்கு இல்லை. நம்ம கொல்லியில விளைஞ்ச நல்ல காயே அடுத்த போகத்துக்கு விதை.

பணக் கணக்கு ஒண்ணு, நாள் கணக்கு ஒண்ணு

சொந்த விதை வெச்சா எவ்வளவு மிச்சம்னு சிலர் கேக்குறாங்க. ஒளிக்காம சொல்றேன். விதைக்காக எடுத்து வைக்கிற காயை வித்திருந்தா அதுக்கும் ஒரு விலை கிடைச்சிருக்கும். அதைக் கழிச்சுப் பார்த்தா, விலை வித்தியாசத்தில மட்டும் ஏக்கருக்குப் பெரிய தொகை மிஞ்சிடாது. வட்டி மிச்சமாகும், அலைச்சல் மிச்சமாகும். ஆனா பெரிய லாபம் நாள் கணக்கில இருக்கு.

மானாவாரி நிலத்தில மழை பெய்ஞ்சா, உழுது விதைக்க நமக்குக் கிடைக்கிறது ரெண்டு மூணு நாள்தான். செம்மண் சீக்கிரம் காயும். அந்த ரெண்டு நாள்ல டிராக்டர் கிடைக்கணும், ஆள் கிடைக்கணும், விதை கையில இருக்கணும். விதை இல்லாத வீட்டில என்ன நடக்குது? முதல் நாள் பணத்துக்கு அலையணும். ரெண்டாம் நாள் விதைக்கு அலையணும். மூணாம் நாள் பருப்பு வந்து சேரும்போது நிலத்தில ஈரம் பாதி போயிருக்கும். முளைப்பு அங்கொண்ணும் இங்கொண்ணுமா இருக்கும். அடி இடைவெளிக்கு வரிசை, நாலு விரற்கடைக்கு ஒரு செடின்னு விதைச்சா ஒரு ஏக்கரில 1,33,000 செடி நிக்கணும். நாலில ஒண்ணு முளைக்கலைன்னா, 33,000 செடி இல்லாத இடத்துக்கும் சேர்த்துத்தான் உழவுக்கூலியும் களைக்கூலியும் கொடுக்கிறோம்.

அவசரத்தில வாங்குற பருப்பு எப்ப உடைச்சது, எங்க கிடந்ததுன்னு நமக்குத் தெரியாது. எண்ணெய்க்கு வெச்சிருந்த பருப்பும் விதைன்னு வரும். நம்ம வீட்டுக் காய்க்கு அந்தச் சந்தேகமே இல்லை. அது எந்த நிலம், எந்தத் தேதியில பிடுங்கினது, எத்தனை நாள் காய்ஞ்சதுன்னு நமக்கே தெரியும்.

எந்தப் போகத்துக் காய் எந்தப் போகத்துக்கு விதை?

இதுதான் நான் சொல்ல வந்ததில முக்கியமான இடம். கொஞ்சம் கவனமாக் கேளுங்க.

நம்ம பக்கம் ரெண்டு பட்டம். ஆடிப்பட்டம் மானாவாரி. அது ஐப்பசி, கார்த்திகையில கைக்கு வரும். மழைக்காலம். காயைக் காய வைக்க வெயில் கிடைக்காது. அப்படியே காய வெச்சாலும் அடுத்த ஆடி வரைக்கும் எட்டு மாசம் காப்பாத்தணும். அதுக்குள்ள வண்டு குத்தும், பூஞ்சணம் பிடிக்கும், முளைப்பு குறையும். அதனாலதான் "சொந்த விதை தங்காது"ன்னு நம்ம வீட்டுப் பெரியவங்க சொல்வாங்க.

இன்னொண்ணு மார்கழிப் பட்டம். தீபம் முடிஞ்சு ஊரெல்லாம் கூட்டம் கலைஞ்சதும் கிணத்துத் தண்ணி உள்ளவங்க போடுறது. அது பங்குனி, சித்திரையில வரும். நல்ல வெயில். காய் நாலஞ்சு நாள்ல கலகலன்னு காய்ஞ்சிடும். அங்கேயிருந்து ஆடிக்கு மூணு, மூணரை மாசம்தான். அந்த விதை முளைப்புக் குறையாம ஆடி மழைக்கு வந்து சேரும். அதே மாதிரி ஐப்பசியில வர்ற மானாவாரிக் காய், நல்லா காய வெச்சா, மார்கழி விதைப்புக்குச் சரியா இருக்கும்.

ஆக, மார்கழிப் பட்டத்துக் காய் ஆடிக்கு விதை. ஆடிப்பட்டத்துக் காய் மார்கழிக்கு விதை. ஆனா சிக்கல் எங்க இருக்குன்னு உங்களுக்கே புரிஞ்சிருக்கும். ஆடியில விதை வேணும்னு தவிக்கிறவங்க மானாவாரிக்காரங்க. சித்திரையில காய் எடுக்கிறவங்க கிணத்துக்காரங்க. ஒரே வீட்டில ரெண்டும் இருக்கிறது அபூர்வம். தனித்தனி வீடா இருந்தா இது நடக்காது. ஆனா ஒரே குழுவில, ஒரே ஊராட்சிக் கூட்டமைப்பில ரெண்டு பேரும் பக்கத்துப் பக்கத்துல உக்காந்திருக்கோமே! நமக்கு இது ஏன் நடக்காது?

எவ்வளவு நிலம் வேணும்னு ஒரு கணக்கு. ஒரு ஏக்கருக்கு 50 கிலோ நல்ல விதைப் பருப்பு வேணும்னா, சொத்தை, சுருங்கினது, பிளந்தது எல்லாம் கழிச்சு, 90 கிலோ காய் எடுத்து வைக்கணும். நல்லாப் பராமரிச்ச கிணத்து மல்லாட்டை ஏக்கருக்கு 800 முதல் 1,000 கிலோ காய் தரும். அப்போ 10 சென்ட்டில விளையுற காய் ஒரு ஏக்கருக்கு விதை. குழுவில பத்துப் பேர் ஆளுக்கு ஒரு ஏக்கர் மானாவாரி வெச்சிருந்தா, கிணறு உள்ள உறுப்பினர்கள் எல்லாரும் சேர்ந்து ஒரு ஏக்கரை விதைக்காகன்னு ஒதுக்கினா போதும்.

விதைக் கொல்லியைப் பார்த்துக்கிற விதம்

விதைக்காகன்னு ஒதுக்கின இடத்துக்கு முதல் தடவை சான்று விதை வாங்கிப் போடுங்க. மூட்டையில நீல நிறச் சான்று அட்டை இருக்கணும், அதில முளைப்புச் சதவீதமும் காலாவதித் தேதியும் இருக்கும், பாருங்க. திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்தில வந்த டி.எம்.வி. ரகங்களும், விருத்தாசலத்தில வந்த வி.ஆர்.ஐ. ரகங்களும் நம்ம மண்ணுக்குப் பழகினவை. அதுக்கப்புறம் மூணு நாலு போகம் சொந்த விதை. பிறகு மறுபடியும் ஒரு தடவை சான்று விதைக்கு மாறணும். ரகம் கலக்காம இருக்க, வேற ரகம் போட்ட இடத்திலிருந்து மூணு மீட்டர் தள்ளி இருக்கட்டும். பூக்கும்போதும் பிடுங்கும்போதும் வேற மாதிரித் தெரியுற செடியைத் தனியாப் பிடுங்கிப் போட்டுடுங்க.

விதைக்கு முந்தின நாள் ஒரு கிலோ பருப்புக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி தூளைக் கலந்து வைங்க. வேரழுகலுக்கு அது காவல். விதைக்கிற அன்னைக்கு ஆறின வடிகஞ்சியில ரைசோபியம் நுண்ணுயிர் உரத்தைக் கலந்து பருப்பு மேல தடவி, நிழலில கால் மணி நேரம் உலர்த்தி உடனே போட்டுடணும். ரசாயன மருந்து கலந்த விதையோட இதுகளைச் சேர்க்காதீங்க, அந்த உயிர் செத்துடும். பருப்பைப் பிசையக் கூடாது. தோல் உரிஞ்சா முளைப்பு போச்சு. முறத்தில வெச்சு மெதுவாப் புரட்டணும். அது நம்ம கைக்குத் தெரிஞ்ச வேலைதான்.

இருபதாம் நாள் ஒரு களை. நாற்பதாம் நாள் வாக்கில ரெண்டாவது களை. அந்த ரெண்டாவது களையோட ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சம் செடி ஓரமாப் போட்டு மண் அணைக்கணும். இதை நிறையப் பேர் விட்டுடுறோம். ஜிப்சம் எதுக்கு? மத்தப் பயிரில காய்க்கு வேண்டிய சத்தெல்லாம் வேர் வழியா ஏறி வரும். மல்லாட்டையில பூ பூத்து, விழுது மண்ணுக்குள்ள இறங்கி, அங்கே காய் பிடிக்குது. காய்க்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்தை அந்தக் காயே தன்னைச் சுத்தி இருக்கிற மண்ணிலிருந்து நேரா உறிஞ்சும். அங்கே சத்து இல்லைன்னா ஓடு பெரிசா இருக்கும், உள்ளே பொக்கு. பருப்பு பிடிச்சிருந்தாலும் முளைக்கிற தெம்பு இருக்காது. அதனால விதைக் கொல்லிக்கு ஜிப்சம் கட்டாயம். 45 நாளைக்கு மேல கொத்தாதீங்க. இறங்கின விழுது அறுந்திடும். அதுக்கப்புறம் களை தெரிஞ்சா கையால பிடுங்குங்க.

பிடுங்குறது, ஆயுறது, காய வைக்கிறது

நாள் கணக்கை மட்டும் நம்பாதீங்க. 100 நாள் தாண்டினதும் அங்கங்க ஒரு செடியைப் பிடுங்கி, காயைப் பிளந்து ஓட்டோட உள்பக்கத்தைப் பாருங்க. வெள்ளையா இருந்தா இளசு. பழுப்பு, கறுப்பு நிறம் படர்ந்திருந்தா முத்தினது. பத்தில ஏழெட்டுக் காய் அப்படி இருந்தா பிடுங்கலாம். கொத்து ரகத்துக்கு விதை உறக்கம் கிடையாது. முத்தின பிறகு நிலத்தில விட்டு, மேல மழை ஒண்ணு பெய்ஞ்சா மண்ணுக்குள்ளேயே முளைச்சிடும்.

பிடுங்கின செடியைப் பச்சையா அம்பாரம் போடாதீங்க. உள்ளே சூடு ஏறும், பூஞ்சணம் வரும். ஆய்ஞ்ச காயை மெல்லிசாப் பரப்பிக் காய வைங்க. மண் தரைன்னா தார்ப்பாய் விரிச்சுப் போடுங்க. விதைக் காயை உச்சி வெயிலில, பன்னிரண்டு மணியிலிருந்து மூணு மணி வரைக்கும், சிமெண்ட் களத்தில விடாதீங்க. அந்த நேரம் குவிச்சு மூடி, பிறகு பரப்புங்க. சாயங்காலம் பனி இறங்கும் முன்னால மூடிடணும். காய்ஞ்சதா இல்லையான்னு பார்க்க மிஷின் வேண்டாம். காதுகிட்ட வெச்சுக் குலுக்கினா பருப்பு சலசலங்கணும். பருப்பை விரலால தேய்ச்சா தோல் கழண்டு வரணும். ஒடிச்சா வளையாம சட்டுன்னு ஒடியணும்.

சேமிக்கிறது காயாத்தான் இருக்கணும், பருப்பா இல்லை. ஓடுதான் விதைக்கு வீடு. சுத்தமான புதுச் சாக்கில கட்டி, கட்டைமேல அடுக்குங்க. சுவரை ஒட்டி வைக்காதீங்க. நடு நடுவுல காய்ஞ்ச வேப்பிலை, நொச்சி இலை போடலாம். உரமூட்டை, பூச்சி மருந்து இருக்கிற அறையில விதை வேண்டாம். மாசம் ஒரு தடவை பிரிச்சுப் பார்த்து, ஓட்டில சின்ன ஓட்டை தெரிஞ்சா, அது வண்டு வேலை, உடனே வெயில் காட்டுங்க.

விதைப்புக்கு ஒரு வாரத்துக்குள்ளதான் உடைக்கணும், அதுவும் கையால. மிஷினில உடைச்சா பருப்பு பிளக்கும், தோல் கீறும். ஓடு இளகட்டும்னு தண்ணி தெளிச்சு உடைக்கிற பழக்கம் விதைக்கும் ஆகாது, சாப்பிடுறதுக்கும் ஆகாது.

கடைசியா ஒரு பரீட்சை. ஆனி மாசம் பிறந்ததும் நூறு பருப்பை எண்ணி எடுங்க. நல்லதாப் பார்த்துப் பொறுக்காதீங்க, கைக்கு வந்ததை எடுங்க. நனைச்ச சாக்கில வரிசையா வெச்சுச் சுருட்டி, நிழலில வெச்சு, ஈரம் குறையாமத் தெளிச்சு, எட்டாம் நாள் எண்ணுங்க. அரசாங்கம் சான்று விதைக்கு வெச்சிருக்கிற குறைஞ்சபட்ச அளவு 70. எண்பதுக்கு மேல முளைச்சா தைரியமா விதைக்கலாம். எழுபதுக்கும் எண்பதுக்கும் நடுவில இருந்தா அஞ்சாறு கிலோ கூட்டிப் போடுங்க. எழுபதுக்குக் கீழே இருந்தா விதைன்னு நினைக்காதீங்க. ஆனியிலேயே தெரிஞ்சுட்டா வேற ஏற்பாடு பண்ண நேரம் இருக்கு. ஆடியில நிலத்தில போட்ட பிறகு தெரிஞ்சா ஒண்ணும் செய்ய முடியாது.

கழிச்ச கடலை எங்க போகுது?

இன்னொரு விஷயம் விதையோட ஒட்டினது. விதைக்காகப் பொறுக்கும்போது நல்லதெல்லாம் ஒரு பக்கம் போகும். சுருங்கினது, கறுத்தது, பச்சை மஞ்சளாப் பூஞ்சணம் பூத்தது இன்னொரு பக்கம் சேரும். அது எங்க போகுது? சட்னிக்கு. இல்லைன்னா மாட்டுக்கு. "வீணாக்கக் கூடாது"ன்னு வளர்ந்தவங்க நாம.

1960-ல் இங்கிலாந்தில ஒரு லட்சத்துக்கும் மேல வான்கோழிகள் திடீர்னு செத்துப்போச்சு. என்ன நோய்னே தெரியலை. தேடிப் பார்த்தப்ப, தீவனத்தில கலந்த கடலைப் புண்ணாக்கில பூஞ்சணம் உண்டாக்கின ஒரு நஞ்சுதான் காரணம்னு கண்டுபிடிச்சாங்க. அதுக்கு அஃப்லடாக்சின்னு பேர் வெச்சாங்க. அது ஈரலைத் தாக்கும். தொடர்ந்து உடம்பில சேர்ந்தா ஈரல் புற்றுநோய்க்கு வழி வைக்கும். வேக வெச்சாலும் வறுத்தாலும் முழுசாப் போகாது. மாடு தின்னா பாலில வரும், அந்தப் பாலை நம்ம பிள்ளை குடிக்கும்.

அதனால சுருங்கின பருப்பு வேற, பூஞ்சணம் பூத்த பருப்பு வேறன்னு தனித்தனியாப் பிரிங்க. சுருங்கினது எண்ணெய்க்குப் போகலாம். பூஞ்சணம் பூத்ததும், கசக்கிறதும் சட்னிக்கும் வேண்டாம், செக்குக்கும் வேண்டாம், தொட்டிக்கும் வேண்டாம். மண்ணில புதைச்சிடுங்க. நல்லதை விதைக்கும் வியாபாரத்துக்கும் அனுப்பிட்டு, கெட்டதை நம்ம தட்டில வெச்சுக்கிறதில என்ன சிக்கனம் இருக்கு, சொல்லுங்க.

குழு என்ன செய்யலாம்?

தமிழ்நாட்டில மகளிர் சுய உதவிக் குழுக்கள் 1989-ல் தர்மபுரி மாவட்டத்தில தொடங்கினது. அதே 1989-ல்தான் நம்ம திருவண்ணாமலையும் தனி மாவட்டமாச்சு. அன்னையிலிருந்து இத்தனை வருஷத்தில நாம கத்துக்கிட்டது என்ன? வாராவாரம் சேமிக்கணும், எழுதி வைக்கணும், வாங்கினா திருப்பித் தரணும். இந்த மூணு பழக்கமும் விதைக்கும் பொருந்தும்.

தெலங்கானாவில ஜஹீராபாத் பக்கம் கிராமத்துப் பெண்களோட சங்கங்கள் இருக்கு. டெக்கான் டெவலப்மெண்ட் சொசைட்டின்னு சொல்வாங்க. பெரும்பாலும் ஏழை தலித் பெண்கள், மானாவாரி நிலம். கம்பு, சோளம், தினை, பயறுன்னு அவங்க தங்கள் விதையைத் தாங்களே வெச்சு, ஊருக்குள்ள விதையாக் கொடுத்து விதையா வாங்குறாங்க. 2019-ல் ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தோட ஈக்குவேட்டர் விருது அவங்களுக்குக் கிடைச்சது. அவங்க செய்யுறதை நம்ம மல்லாட்டையில நாம செய்யலாம்.

என் யோசனை இது. ஒவ்வொரு குழுவிலும் சேமிப்புப் பதிவேடு, கடன் பதிவேட்டோட ஒரு விதைப் பதிவேடு இருக்கட்டும். யார் நிலம், என்ன ரகம், எந்தத் தேதியில பிடுங்கினது, எத்தனை கிலோ காய், நூறுக்கு எத்தனை முளைச்சது. இந்த அஞ்சு கட்டம் போதும். சித்திரையில கிணத்துக்கார உறுப்பினரிடமிருந்து குழு விதைக் காயை வாங்கி வைக்கட்டும். அந்த நேரத்துச் சந்தை விலைக்கு மேல கொஞ்சம் கூட்டிக் கொடுக்கணும். ஏன்னா ஜிப்சம் போட்டு, கலவன் எடுத்து, பார்த்துப் பார்த்துக் காய வெச்ச உழைப்பு அதில இருக்கு. ஆடியில மானாவாரி உறுப்பினருக்கு அது விதைக் கடனாப் போகட்டும். ஐப்பசி அறுவடையில பணமாவோ, நல்லாக் காய்ஞ்ச காயாவோ திரும்பி வரட்டும். காயா வந்தா அது மார்கழிக்கு விதை. எவ்வளவு கூட்டித் தரணும்கிறதைக் குழுவே பேசித் தீர்மானம் எழுதட்டும். எல்லாக் காயையும் ஒரே வீட்டில வைக்காதீங்க. ரெண்டு வீட்டில பிரிச்சு வைங்க. மழை பொய்ச்சு ஒரு வருஷம் திருப்ப முடியலைன்னா என்ன செய்யுறதுங்கிறதையும் முன்கூட்டியே பேசி எழுதிக்கணும். மானாவாரியில அப்படி ஒரு வருஷம் வரத்தான் செய்யும்.

சட்டத்தில இடம் இருக்கான்னு ஒரு தங்கச்சி கேட்டாங்க. இருக்கு. 2001-ஆம் ஆண்டு பயிர் ரகங்கள் மற்றும் உழவர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தில, விவசாயி தன் நிலத்தில விளைஞ்ச விதையைச் சேமிக்கலாம், மறுபடி விதைக்கலாம், மாத்திக்கலாம், பகிர்ந்துக்கலாம், விக்கவும் செய்யலாம்னு எழுதியிருக்கு. பேர் போட்டு, முத்திரை குத்தின பையில அடைச்சு விக்கத்தான் அனுமதி இல்லை. சான்று விதையாவே வித்து வியாபாரம் பண்ணணும்னா விதைச் சான்றுத் துறையில பதிவு செய்துக்கணும். தொழில்நுட்பத்தில சந்தேகம்னா நம்ம வட்டார வேளாண் விரிவாக்க மையம் இருக்கு, வாழவச்சனூரில வேளாண்மைக் கல்லூரி இருக்கு. குழுவாப் போய்க் கேளுங்க. தனியாப் போறதுக்கும் பத்துப் பேராப் போறதுக்கும் வித்தியாசம் உங்களுக்குத் தெரியும்.

நிலம் இல்லாத சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. "எங்களுக்கு இதில என்ன இருக்கு?"ன்னு நீங்க நினைக்கலாம். காய் ஆயுறது யாரு? உடைக்கிறது யாரு? பொறுக்குறது யாரு? பெரும்பாலும் நீங்கதான். எந்தக் கொல்லியில காய் திரட்சி, எது பொக்கு, எந்த வீட்டுக் காயில வண்டுன்னு நிலக்காரங்களைவிட உங்களுக்கு நல்லாத் தெரியும். அதனால விதையைப் பொறுக்கி எடுக்கிற பொறுப்பு உங்க கையில இருக்கணும். கிலோவுக்கு இவ்வளவுன்னு கூலி வெச்சா அவசரம்தான் வரும். நகம் தேயும், பருப்பும் பிளக்கும். விதைக்கு உடைக்கிற வேலைக்கு நாள் கூலியோ, கூடுதல் கூலியோ குழு தீர்மானிக்கணும். அந்தத் தீர்மானத்தையும் பதிவேட்டில எழுதணும்னு இந்த மேடையில கேட்டுக்கிறேன்.

இப்பவே எல்லாக் குழுவும் ஆரம்பிக்கணும்னு நான் சொல்லலை. ஒரு ஊராட்சிக்கு ஒரு குழு, ஒரு குழுவுக்கு ஒரு பத்து சென்ட், வர்ற மார்கழிப் பட்டத்தில போட்டுப் பாருங்க. சித்திரையில காயைக் காய வெச்சுக் கட்டுங்க. ஆனியில நூறு பருப்பை எண்ணி முளைக்கப் போடுங்க. வந்த எண்ணிக்கையைப் பதிவேட்டில எழுதி, அடுத்த கூட்டமைப்புக் கூட்டத்துக்கு எடுத்துட்டு வாங்க. நல்லா வந்திருந்தாலும் எடுத்துட்டு வாங்க, குறைவா வந்திருந்தாலும் எடுத்துட்டு வாங்க. ரெண்டையும் பார்த்துத்தான் அடுத்த வருஷம் எத்தனை ஏக்கர்னு முடிவு பண்ண முடியும்.